எட்டு வரிப் பெட்டி

உலகத்தில் எந்தத் தேதிக்கும் எட்டு வரிக்கு மேல் தகுதி கிடையாது என்பது அவருடைய கொள்கை. கொள்கை என்று மரியாதைக்குச் சொல்கிறேன். பத்திரிகையின் இரண்டாம் பக்கத்தில், வானிலைக்கும் குறுக்கெழுத்துக்கும் நடுவில் மாட்டிக்கொண்டிருந்த 'இந்த நாள்' பெட்டியில் அவ்வளவுதான் இடம். அந்த எட்டு வரிக்குள் அன்றைய தேதியில் இதுவரை நடந்தது, பிறந்தது, செத்தது எல்லாம் அடங்க வேண்டும். ஒரு பேரரசு கவிழ்ந்ததா, ஒரு வரி. ஒரு தீவு விடுதலை அடைந்ததா, அரை வரி. மிச்ச அரை வரியில் யாராவது ஒரு விஞ்ஞானி பிறந்துகொள்ளலாம். சண்டை போட்டுச் செத்த இரண்டு ராஜாக்கள் ஒரே தேதியில் போய்ச் சேர்ந்திருந்தால் அவருக்கு ரொம்ப சந்தோஷம். ஒரே வாக்கியத்தில் இரண்டு பேரையும் படுக்க வைத்துவிடலாம்.

ஆபீசில் அவருக்குப் பெயர் தேதி சார். உண்மையான பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் இருந்தது. நூலக அறையின் கோடியில், காற்றாடி எட்டாத மூலையில் அவருடைய மேஜை. வேலையில் சேர்ந்த புதிதில் உதவி ஆசிரியராக வருவோம் என்று நினைத்தார். பெட்டியைக் கொஞ்ச நாளைக்குப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார்கள். கொஞ்ச நாள் என்பது தலை நரைக்கும்வரை நீண்டுவிட்டது.

அந்தப் பெட்டிக்கு இரண்டு சட்டங்கள் உண்டு. இரண்டையும் அவரே போட்டார். முதலாவது, அவர் எழுதிக் கொடுத்ததில் வேறு யாரும் கை வைக்கக்கூடாது. அதற்குக் காரணம் ஒரு பாடகர். ஒரு சமயம் பெட்டி ஒரு வரி கூடிப்போக, பக்கம் கட்டுகிறவர் நடுவில் ஒரு வரியைத் தூக்கிவிட்டார். மேலே பிறந்த பாடகரும் கீழே இறந்த தளபதியும் ஒட்டிக்கொண்டார்கள். காலையில் பாடகரே போன் செய்தார். "நான் செத்துட்டேனாமே, எத்தனை மணிக்கு எடுக்கறாங்க? நானும் வரணும்ல" என்றார். ஆபீஸ் ஒரு வாரம் சிரித்தது. தேதி சார் மட்டும் சிரிக்கவில்லை.

இரண்டாவது சட்டம் அதிலிருந்து பிறந்தது. பெட்டி வரவில்லையா, வந்தது வழிகிறதா, வெட்டாதே. கம்ப்யூட்டரில் போன வருஷத்துப் பெட்டி இருக்கும். அதை எடு. எல்லா ஆண்டுக் கணக்கிலும் ஒன்று கூட்டு. போடு. தொண்ணூற்றைந்தாவது பிறந்தநாள் தொண்ணூற்றாறாவது ஆகிவிடும். இருநூறு ஆண்டு இருநூற்றொன்று ஆகிவிடும். யாருக்கும் ஒன்றும் தெரியாது. "தேதி மாறாது, கணக்குதான் மாறும். ஒன்னு கூட்டிப் போடு, முடிஞ்சுது" என்று பக்கம் கட்டுகிறவருக்கு அவர்தான் சொல்லிக் கொடுத்தார். வீட்டில்கூடப் பெருமையாகச் சொல்லிச் சிரித்திருக்கிறார்.

வருஷத்தில் ஒரு தேதியின் பெட்டியில் மட்டும் அவர் ஒரு விஷயத்தை விட்டுவிடுவார். தெரியாமல் அல்ல, வேண்டுமென்றே. மழைக்காலம் தொடங்கும் சமயத்தில் வரும் தேதி அது. பத்து வருஷத்துக்கு முன் அந்தத் தேதியில், சந்தை கலையும் சாயங்கால நேரத்தில், கால்வாயின் மேல் இருந்த நடைபாலம் இடிந்து விழுந்தது. முப்பத்தொரு பேர் இறந்தார்கள். அந்த ஊரின் சரித்திரத்தில் அதைவிடப் பெரிய சாவு கிடையாது. எங்கோ கடல் தாண்டி ஒரு கப்பல் முழுகினால் பெட்டியில் இடம் உண்டு. நடந்து போகும் தூரத்தில் விழுந்த பாலத்துக்கு இல்லை.

ஒவ்வொரு வருஷமும் அந்தத் தேதியில் ஒரு தையல்காரர் போன் செய்வார். பாலத்தில் மனைவியைப் பறிகொடுத்தவர். சண்டைக்கு வருகிற ஆள் இல்லை. தையல் மிஷின் ஓடும் சத்தம் நிற்கும், பிறகு குரல் வரும்.

"இந்த வருஷமும் வரலியே சார்."

"இடமில்லீங்க. எட்டு வரிதான்."

"எந்த ஊர் ராணியோ குதிரையிலேருந்து விழுந்ததைப் போட்டிருக்கீங்க சார். அந்தம்மா கால்தான் ஒடிஞ்சுது."

"அடுத்த வருஷம் பார்க்கலாம்."

"சரிங்க சார்" என்று வைத்துவிடுவார். மிஷின் மறுபடி ஓடும். அந்த மனிதருக்குக் கடைசிவரை தெரியாது, இடமில்லை என்று சொன்னவரின் மகனும் அந்தப் பாலத்தில்தான் போனான் என்பது.

அந்தத் தேதியில்தான் மகள் பிறந்திருந்தாள். வீட்டில் இரண்டு பிள்ளைகள், பெரியவன், சின்னவள். அவளுக்கு எட்டு வயது முடிந்த அன்று அவனுக்குப் பதினேழு. கேக் வேண்டும் என்றாள். தெருமுனைக் கடையில் இருந்ததைக் காட்டினார்கள். அதில் பூ இல்லை, ரோஸ் கலரில் பூ வைத்ததுதான் வேண்டும் என்று தரையில் புரண்டாள். அது பாலத்துக்கு அந்தப் பக்கம் இருந்த பேக்கரியில்தான் கிடைக்கும். பெரியவன் சைக்கிளை எடுத்தான். "அழாதடி மூக்கொழுகி, வாங்கிட்டு வரேன்" என்று போனான். அவ்வளவுதான்.

நடந்தது அதோடு நின்றிருந்தால்கூட அந்த வீடு எப்படியோ எழுந்து உட்கார்ந்திருக்கும். காரியத்துக்கு வந்த பேக்கரிக்காரர், ஆறுதல் சொல்வதாக நினைத்துக்கொண்டு, பையனின் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து சொன்னார்: "தங்கமான பையன்மா. பூவைக் கொஞ்சம் பெரிசா வைங்க, இல்லேன்னா வீட்ல அழுவான்னு சொன்னான். நான் மறுபடி கிரீம் கலக்கி வச்சுக் கொடுத்தேன். பொறுமையா நின்னான்."

நல்ல மனிதர். அந்த நல்ல மனிதரின் வாயை அன்றைக்கு யாராவது பொத்தியிருக்கலாம். பூவுக்காக நின்ற அந்தக் கொஞ்ச நேரம் அம்மாவின் மனசில் ஆணி மாதிரி இறங்கிவிட்டது. அந்தப் பூ இல்லையென்றால் முன்னாலேயே தாண்டியிருப்பான். அவள் மகளை அடித்ததில்லை, திட்டியதில்லை. சோறு போட்டாள், தலை வாரிவிட்டாள், பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினாள். யாராவது விசாரித்தால் மட்டும் ஒரே வாக்கியத்தில் சொல்வாள்: "இவ கேட்டா, அவன் போனான்." மகள் பக்கத்தில் நின்றாலும் அதேதான். அதன்பிறகு அந்தத் தேதியில் அந்த வீட்டில் யாருக்கும் பிறந்தநாள் இல்லை. அம்மா அன்று முழுக்கச் சுவரைப் பார்த்துப் படுத்திருப்பாள்.

பாலம் ஏன் விழுந்தது என்பது ஊருக்கே தெரியும். அடியில் இருந்த இரும்பெல்லாம் துருப்பிடித்து உதிர்ந்திருந்தது. மராமத்து செய்யச் சொல்லி இரண்டு முறை எழுதியும் யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை என்று விசாரணையில் வந்தது. அவருடைய பத்திரிகையே உள்பக்கத்தில் போட்டது. அம்மா அந்த மாதங்களில் பேப்பரைத் தொடவில்லை. ஒருமுறை அவர் அந்தச் செய்தியை எடுத்துக்கொண்டு வந்து நீட்டினார். தலைப்பில் பாலம் விழுந்த தேதியைப் பார்த்ததும் அவள் அதைப் பிடுங்கி அடுப்பில் போட்டாள். அதற்குமேல் அவர் முயற்சி செய்யவில்லை. வாயைத் திறந்தால் வீடு இரண்டாகிவிடும் என்று பயம். நம் தேதி சாருக்குச் செத்தவர்களை எழுதத் தெரிந்த அளவுக்கு உயிரோடு இருப்பவர்களிடம் பேசத் தெரியாது.

அவரால் முடிந்தது ஒன்றுதான். அந்தத் தேதிப் பெட்டியில் பாலம் வராமல் பார்த்துக்கொண்டார். மகள் காலையில் பேப்பரைத் திறந்தால் நாலு நல்லவர்கள் பிறந்த நாளாக அது இருக்கட்டும் என்று நினைத்தார். அப்பன் மகளுக்கு வருஷா வருஷம் ரகசியமாகக் கொடுக்கும் பரிசு என்று அதற்குப் பெயரும் வைத்திருந்தார், மனசுக்குள்.

இந்த வருஷம் சின்னவளுக்குப் பதினெட்டு. வேறு ஊரில், ஒரு ஆஸ்பத்திரியில் பயிற்சியோடு வேலை கிடைத்திருந்தது. என்றைக்கு வந்தாலும் சரி என்று சொல்லியிருந்தார்கள். அவள் அந்தத் தேதிக்கே காலை பஸ்ஸுக்கு டிக்கெட் எடுத்தாள். அதற்கு ஒரு வாரம் முன்னால், ஒரு மத்தியானம், ஆபீசுக்கு வந்து அவர் மேஜைக்கு எதிரில் உட்கார்ந்தாள். அவள் அங்கே வந்ததே அதுதான் முதல் தடவை.

"என்னம்மா, வீட்ல ஏதாவது...?"

"ஒன்னும் இல்லப்பா. வீட்ல வச்சுப் பேச முடியல."

டீ வரவழைத்தார். அவள் கோப்பையைத் தொடவில்லை.

"அந்தத் தேதிக்கு எழுதிட்டீங்களா?"

"எழுதணும்."

"பாலத்தைப் போடுங்கப்பா."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "உன் பிறந்தநாள் அன்னைக்கு அதை எதுக்கும்மா... உனக்கு வலிக்கும்னுதானே நான் இத்தனை வருஷமா..."

"தெரியும். நான் ஒவ்வொரு வருஷமும் பார்க்கிறேன். அண்ணன் இருக்கானான்னு பார்க்கிறேன். இல்லேன்னதும் எனக்கு என்ன தோணும் தெரியுமா? அப்பாவுக்கே எழுதக் கை வரல, அவ்வளவு பெரிய தப்பு நான் பண்ணிருக்கேன்னு தோணும்."

பத்து வருஷமாகக் கொடுத்த பரிசைப் பெண் மேஜைமேல் திருப்பி வைத்துவிட்டாள்.

"ஊர் முழுக்க பாலம் விழுந்துச்சு, சனம் செத்துச்சுன்னு சொல்லுது. நம்ம வீட்ல மட்டும் பாலமே கிடையாது. நான் கேட்டேன், அவன் போனான். அவ்வளவுதான்." அவள் குரல் உயரவே இல்லை. "அம்மா நீங்க சொன்னா நம்பமாட்டா, நான் சொன்னா நம்பமாட்டா. பேப்பர்ல போட்டா நம்புவா. எண்ணெய்லேருந்து எலெக்ஷன் வரைக்கும் பேப்பர்ல போட்டிருக்கான்னு தானே சொல்றா? துருப்பிடிச்ச பாலம்னு ஒரு தடவை போடுங்க. அம்மா கையில கொடுத்துப் படிக்கச் சொல்லிட்டு நான் போறேன். அதுக்கப்புறம் லீவுக்கு வர எனக்கு ஒரு வீடு இருக்கும். இல்லேன்னா எதுக்குப்பா வரணும்?"

"போடறேன்" என்றார்.

"ஒப்புக்குச் சொல்லாதீங்க."

"போடறேன்மா. சத்தியமா."

அப்போதுதான் அவள் டீயை எடுத்தாள். ஆறிப்போயிருந்தது. ஆனாலும் முழுக்கக் குடித்தாள்.

அன்றிலிருந்து அவர் அந்தப் பெட்டியைத் தவிர எதையும் யோசிக்கவில்லை. மற்ற தேதிகளைக் கைப்பழக்கத்திலேயே எழுதித் தள்ளினார். இதற்கு மட்டும் மனசு நிலைகொள்ளவில்லை. கடைசியில் முந்தின நாள் மத்தியானம் உட்கார்ந்தார். பேரரசர், தீவு, விஞ்ஞானி என்று வழக்கமானவர்களை முதலில் வரிசையாக நிறுத்தினார். பிறகு பாலத்துக்கு வந்தார்.

துருப்பிடித்த நடைபாலம் என்று தொடங்கினார். இரண்டு முறை எழுதியும் யாரும் பழுது பார்க்கவில்லை என்பது வேண்டாமா? அது இருந்தால்தான் அவளுக்குப் புரியும். சேர்த்தார். முப்பத்தொரு பேர் என்றார். அவர்களில் ஒருத்தனுக்குப் பதினேழு வயது என்று சேர்த்தார். அவன் சைக்கிளில் போனான், தங்கையின் பிறந்தநாளுக்குக் கேக் வாங்கப் போனான். எட்டு வயதுக் குழந்தை பூ கேட்பது தப்பில்லை. அண்ணன் வாங்கிக் கொடுக்கப் போனதும் தப்பில்லை. பாலம்தான் தப்பு. எழுத எழுத கண்ணாடி மங்கியது. பேரரசர்களை அரை வரியில் முடித்த கை, பெற்ற பிள்ளையை எங்கே நிறுத்துவது என்று தெரியாமல் ஓடிக்கொண்டே இருந்தது. எத்தனை வரி என்று அவர் எண்ணவில்லை. ஆயுளில் முதல் தடவையாக எண்ணவில்லை. அப்படியே கம்ப்யூட்டரில் ஏற்றி அனுப்பிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

"என்ன தேதி சார், பொழுது இருக்கும்போதே கிளம்பிட்டீங்க? இதை நாளைக்கு உங்க பெட்டியிலேயே போடலாம் போல இருக்கே" என்றார் பக்கம் கட்டுகிறவர். தொப்பையும் பேச்சும் பெருத்தவர், வெகுளி மனிதர்.

"மகளுக்குப் பிறந்தநாள்யா" என்றார் தேதி சார். அந்த வார்த்தையை வாயால் சொல்லிப் பத்து வருஷம் ஆகியிருந்தது. சொன்னதும் ஏதோ திருடியதுபோல் வேகமாக வெளியே வந்துவிட்டார்.

கால்வாயின் மேல் இப்போது புதுப்பாலம் இருந்தது, சிமெண்டில். அவர் அதில் காலை வைத்ததே இல்லை. அன்றைக்கு நடந்து தாண்டினார். பேக்கரி அதே இடத்தில்தான் இருந்தது. பழைய ஆள் இல்லை, அவர் மருமகள் நின்றாள். ரோஸ் பூ வைத்த கேக் வேண்டும் என்றார்.

பையில் போன் அடித்தது. பார்த்தார். ஆபீஸ்.

"பூ எவ்வளவு பெரிசு சார் வேணும்?" என்று அந்தப் பெண் கேட்டாள்.

"கொஞ்சம் பெரிசாவே வைம்மா."

போன் மறுபடி அடித்தது. சாயங்காலம் ஆனால் எவனாவது பேனா எங்கே, சாவி எங்கே என்று உயிரை வாங்குவான். ஒருநாளாவது தேடட்டும் என்று போனை அமுக்கிப் பையின் அடியில் போட்டார். கிரீம் பூ இதழ் இதழாக விரிவதைக் கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டு நின்றார். பல வருஷத்தில் அவர் சந்தோஷமாக இருந்த நேரம் அதுதான். வீட்டில் ஃபிரிட்ஜைத் திறந்த அம்மா கேக்கைப் பார்த்தாள், மூடினாள். தூக்கி எறியவில்லை. அதையே அவர் நல்ல சகுனமாக எடுத்துக்கொண்டார்.

காலையில் சின்னவள் குளித்து உடுத்தித் தயாராக இருந்தாள். வாசலில் பெட்டியும் பையும். அம்மா அன்றைக்குப் படுக்கவில்லை. பெண் ஊருக்குப் போகிறாள் என்று எழுந்து காபி போட்டிருந்தாள். பேப்பர் வந்து விழும் சத்தம் கேட்டதும் சின்னவள் ஓடிப்போய் எடுத்தாள். பிரிக்கவே இல்லை. மடிப்புக் கலையாமல் அம்மாவின் கையில் கொடுத்தாள்.

"ரெண்டாம் பக்கம்மா. அப்பா எழுதினது. முழுக்கப் படி."

அம்மா மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டாள். உதடு அசைய அசைய, எழுத்துக் கூட்டுவது மாதிரி நிதானமாகப் படித்தாள். அப்பாவும் மகளும் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"சரி" என்றாள் அம்மா. "இதுல என்ன இருக்கு? எப்பவும் போலத்தானே?"

"பாலம்மா."

"எந்தப் பாலம்?"

"பாலம் இல்லையா?"

"பாலம் எதுக்குடி பேப்பர்ல வரணும்? அது நம்ம வீட்டு விஷயம்." அம்மா கண்ணாடியைக் கழற்றினாள். "நீ கேட்டே, அவன் போனான். இதைப் போய் ஊருக்குச் சொல்லுவாங்களா?"

அவர் பேப்பரைப் பிடுங்கிப் பார்த்தார். பேரரசர் இருந்தார். தீவு இருந்தது. விஞ்ஞானி பிறந்திருந்தார். எட்டு வரி. பாலம் இல்லை.

"நான் எழுதினேன்" என்றார். "எழுதினேன். துருப்பிடிச்ச பாலம், தானா விழுந்துது. இவ மேல ஒன்னும் இல்ல. ரெண்டு தடவை எழுதியும் யாரும் பழுது பார்க்கல."

"எழுதியிருந்தா வந்திருக்குமே" என்றாள் அம்மா. கோபமாகக்கூடச் சொல்லவில்லை. "இத்தனை வருஷமா வராதது இவ கிளம்பற அன்னைக்கு எப்படி வரும்? பொண்ணு மனசு நோகக்கூடாதுன்னு நீங்களா சொல்றீங்க. சொல்லிக்கோங்க."

சின்னவள் அவர் கையிலிருந்து பேப்பரை வாங்கினாள். விரலை வைத்துப் படித்துக்கொண்டே வந்தாள்.

"இவருக்குத் தொண்ணூத்தாறு. போன வருஷம் தொண்ணூத்தஞ்சு. இது இருநூத்தி ஒன்னு. போன வருஷம் இருநூறு." நிமிர்ந்தாள். "போன வருஷத்தையே எடுத்து ஒன்னு கூட்டிப் போட்டிருக்கீங்க. உங்க வேலையை எனக்குத் தெரியாதாப்பா? நீங்கதானே சொல்லிக் கொடுத்தீங்க."

அந்த நிமிஷம்தான் அவருக்கு உறைத்தது. பேக்கரியில் அடித்த போன். எண்ணாமல் விட்ட வரிகள். கை வைக்காதே, ஒன்று கூட்டிப் போடு என்ற சட்டம். எல்லாம் அவர் கையாலேயே செய்த காரியம்.

"எட்டு வரிக்கு மேல போயிடுச்சும்மா" என்றார். "எனக்கு அடக்கத் தெரியல. வழிஞ்சிடுச்சு. அதான் பக்கம் கட்டறவர்..."

அவள் அவரைப் பார்த்தாள். நம்ப ஆசைப்பட்டாள் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் பத்து வருஷமாக இடமில்லை என்று தையல்காரரிடம் சொல்லிச் சொல்லி அந்தக் காரணம் நைந்துபோயிருந்தது. அவர் வாயிலிருந்து வந்தபோது அவர் காதுக்கே பொய் மாதிரிதான் கேட்டது.

"பரவாயில்லப்பா. உங்களால முடியல, அவ்வளவுதான்." பேப்பரைப் பழையபடி மடித்து மேஜையில் வைத்தாள். "எல்லாருக்கும் ஒன்னு கூடியிருக்கு. எனக்கும்தான். அண்ணனுக்குத்தான் கூடவே இல்ல. எனக்குப் பதினெட்டு, அவன் இன்னும் பதினேழுலயே நிக்கறான். இனிமே நான்தான் மூத்தவ. சின்னவ கேட்டான்னு யாரும் எதையும் வாங்கப் போக வேண்டாம்."

"கேக் இருக்கும்மா" என்றார் அவர்.

"பார்த்தேன். பூ பெரிசா இருக்கு."

அம்மாவின் முகம் அப்போதுதான் மாறியது. எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். கட்டில் கிறீச்சிட்டது. சுவர்ப்பக்கம் திரும்பியிருப்பாள். சின்னவள் சாத்திய கதவின் முன்னால் போய் நின்று, "வரேம்மா" என்றாள். கதவு திறக்கவில்லை. பஸ் நிலையம்வரை வருகிறேன் என்று அவர் செருப்பைத் தேடினார். வேண்டாம் என்றாள். லீவுக்கு எப்போது வருவாய் என்று அவர் கேட்கவில்லை. தெருமுனை திரும்பும்வரை பார்த்துக்கொண்டு நின்றார். அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

பிறகு ஆபீசுக்குப் போனார். வேறு எங்கே போவார்?

பக்கம் கட்டுகிறவர் அவரைப் பார்த்ததும் கையைத் தூக்கினார். "என்ன சார், நேத்து எத்தனை தடவை போன் பண்றது? உங்க பெட்டி வழிஞ்சு வானிலை, குறுக்கெழுத்து எல்லாத்தையும் முழுங்கிட்டு நிக்குது. வரி வரியா சிவப்பா காட்டுது. நான் படிக்கக்கூட இல்ல, பக்கம் போகணுமேன்னு பதற்றம். அப்புறம் நீங்க சொன்னது ஞாபகம் வந்துது. போன வருஷத்தை எடுத்தேன், ஒன்னு கூட்டினேன், போட்டுட்டேன். ஒரு ஆளைக்கூடச் சாகடிக்கல!" பாராட்டுக்குக் காத்துக்கொண்டு சிரித்தார். "பாப்பா பிறந்தநாள் நல்லபடியா முடிஞ்சுதா?"

"முடிஞ்சுது" என்றார் தேதி சார். "நல்ல வேலை பண்ணீங்க."

"அந்த நீளமானதை அழிச்சுடவா?"

"வேண்டாம். நான் குறைக்கிறேன்."

மூலைக்குப் போய் உட்கார்ந்து அதைத் திறந்தார். பெருக்கித் துடைத்த வீடு மாதிரி மனசில் ஒன்றும் இல்லை. இருந்திருந்தால் வெட்டியிருக்க முடியாது. தப்பில்லை, தப்பில்லை என்று எழுதியதையெல்லாம் முதலில் எடுத்தார். சைக்கிளை எடுத்தார். கேக்கை எடுத்தார். பூவை எடுத்தார். பதினேழு வயதை எடுத்தார். இரண்டு முறை எழுதியும் பழுது பார்க்காததை எடுத்தார். கடைசியில் மிஞ்சியது இதுதான்:

துருப்பிடித்த நடைபாலம் இடிந்து முப்பத்தொரு பேர் இறந்தனர்.

ஒரே வரி. அதிலும் கடைசியில் கொஞ்சம் மிச்சம் இருந்தது. தீவை அரை வரிக்கு இறக்கினால் பெட்டி கச்சிதமாக மூடிக்கொண்டது. நேற்று மத்தியானம் இதைச் செய்ய அவருக்கு எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? கண்ணாடியைத் துடைக்கிற நேரம். பத்து வருஷத்தில் எந்த வருஷமும் செய்திருக்கலாம்.

போன் அடித்தது. எடுத்தார். தையல் மிஷின் சத்தம் கேட்டது, பிறகு நின்றது.

"சார், இந்த வருஷமும் இடமில்லையா?"

அவர் அந்த ஒரு வரியைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"இருந்துதுங்க" என்றார். "இடம் இருந்துது."